இடப்பக்கம் திரும்பினால் கடல்

சென்ற ஆண்டு தை பிறந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது. மயிலாப்பூரில், கோயிலின் தெற்கு மாடவீதியை ஒட்டிய ஒரு சிறு தெருவிலிருந்து, காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மாமல்லபுரம் வரை போய்வரலாம் என்று நாங்கள் நால்வர் காரில் புறப்பட்டோம். முட்டுக்காட்டில் படகு, கோவளத்தில் கடற்கரை, வழியில் முதலைப் பண்ணை, பிறகு புலிக்குகை, நிறைவாகக் கடற்கரைக் கோயில் என்று என் கணவர் பயணத்தை வகுத்திருந்தார். சென்னைக்காரர்கள் பலமுறை பார்த்துச் சலித்த இடங்கள்தாம். ஆயினும் அன்று அந்தக் காருக்குள் இருந்த எவருக்கும் அது வெறும் உலாவாக இல்லை.

காரை ஓட்டியவர் என் நாத்தனார். என் கணவருக்கு மூத்தவர். நானும் அவரை அக்கா என்றுதான் அழைப்பேன். அறுபதைக் கடந்தவர். அவருக்கு இடப்பக்கத்து இருக்கையில் அவருடைய மகன். வெளிநாட்டில் வேலை, மார்கழிக் கச்சேரிகளுக்கென்று விடுமுறையில் வந்தவன். பின்னிருக்கையில் என் கணவரும் நானும். என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால், எப்படி ஓட்ட வேண்டும் என்று பிறருக்குச் சொல்வதில் அவருக்கு இணை எவரும் இல்லை.

அக்காவின் கணவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் ஆசையாக ஓட்டிய கார், அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் உறை போர்த்திக்கொண்டு நின்றது. ஓட்ட ஆளில்லாத வண்டி எதற்கு, விற்றுவிடலாம் என்று மகன் ஒவ்வொரு தொலைபேசி உரையாடலிலும் சொல்வான். அக்கா பேச்சை மாற்றிவிடுவார். ஒருநாள், எங்கள் யாரிடமும் கலந்து பேசாமல், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியொன்றில் சேர்ந்துவிட்டார்.

பயிற்சி கொடுக்க வந்தவர் சிந்தாதிரிப்பேட்டைக்காரர், நடுவயதினர், பொறுமைசாலி. விடியற்காலையில், பூக்கடைகள் திறக்கும் முன்பே வந்துவிடுவார். அக்காவோ, பழகுவதானால் மாடவீதிகளில்தான் பழகுவேன், அதுவும் கோயிலை வலம் வந்தபடிதான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். வலம் வருவதென்றால் கோபுரம் எப்போதும் வலக்கைப் பக்கமே இருக்கும். திருப்பங்களும் வலப்பக்கமே வரும். சில வாரங்கள் பொறுத்துப் பார்த்த பயிற்சியாளர் ஒருநாள் வாயைத் திறந்தாராம்.

"ரைட்டுலயே போய்க்கினு இருந்தா எப்படி மாமி? லெஃப்ட்டு ஒண்ணு அடிச்சுப் பாக்கலாமே."

"கோயிலை அப்பிரதட்சிணமா சுத்தச் சொல்றேளா?"

"ஐயோ, அந்தப் பாவம் எனக்கு வேணாம். நீங்க ரைட்டுலயே போங்க. உங்க புண்ணியத்துல பாதி எனக்கும் வரும்."

இந்தக் கதையை அக்காவே எங்களுக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறார். உரிமத் தேர்விலும் அவர் தேறிவிட்டார். எட்டுப் போடச் சொன்ன மைதானத்தில், இடப்பக்கம் இடிப்பதற்குச் சுவரோ கம்பமோ இல்லை. அதன்பின் வாரம் சில நாள் விடியலில் தனியே காரை எடுப்பார். திரும்பி வரும்போது தம் வீட்டு வாசலைக் கடந்துபோய், இன்னொரு சுற்று வந்து, தெருவின் மறுமுனை வழியாக நுழைந்துதான் வண்டியை உள்ளே விடுவார். பக்திக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று நாங்கள் கேலி செய்திருக்கிறோம். அதன் காரணம் பக்தி அன்று என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அறிந்தோம்.

விடுமுறைக்கு வந்த மகன், உறையை விலக்கியதும் முதலில் கண்டது இடப்பக்கத்துப் பின்கதவில் நீளமாக ஓடிய கீறலைத்தான். வாசற்கதவின் பச்சை வண்ணம் அதில் ஒட்டியிருந்தது.

"என்னம்மா இது?"

"கேட்டு இடிச்சுடுத்துடா" என்றார் அக்கா, ஏதோ வாசற்கதவே ஓடிவந்து மோதியதைப் போல.

மகன் கோபிக்கவில்லை, அஞ்சினான். தாய் தனியே இருக்கிறாள், நாம் எங்கோ இருக்கிறோம் என்ற அச்சம் அது. காரை வாங்க விரும்பிய ஒருவர் வந்து பார்க்க, திங்கட்கிழமைக்கு ஏற்பாடும் செய்துவிட்டான். அக்கா அழவில்லை, சண்டையிடவில்லை. ஒரே ஒரு கோரிக்கை வைத்தார்: ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் வரை நான் ஓட்டுகிறேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து பார். நீ ஒருமுறையேனும் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் குறுக்கே கை நீட்டினால் வண்டி உன் விருப்பம்; நீட்டாவிட்டால் என் விருப்பம். மகன் ஒப்புக்கொண்டான். அவனும் அவர் பிள்ளை; கொடுத்த வாக்கை எளிதில் மீற மாட்டான்.

புறப்பட்டதும், தெற்கே போக வேண்டிய கார் முதலில் கோயிலை ஒரு சுற்று வலம் வந்தது. அடையாற்றுப் பாலத்தைக் கடக்கும்வரை எங்களுக்கு எந்த ஐயமும் எழவில்லை. அகன்ற சந்திப்புகளில், முன்னால் செல்லும் பேருந்தின் முதுகை விட்டுப் பிரியாமல், அது வளைந்தால் தாமும் வளைந்து, அக்கா சமாளித்துக்கொண்டே வந்தார். திருவான்மியூரில் சிவப்பு விளக்குக்காக நின்றபோது, பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

"மாமி, இன்டிகேட்டரு ரைட்டுல கீது. வண்டி நேரா போய்க்கினு கீது. எதை நம்பறது?"

"வண்டியை நம்புங்கோ" என்றார் அக்கா. ஆட்டோக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

முட்டுக்காட்டில் படகுத்துறை சாலையின் வலப்பக்கம். எதிரே விரைந்துவரும் வாகனங்களுக்கு இடையே தக்க தருணம் பார்த்து, நடுத்தடுப்பின் இடைவெளியில் அவர் காரைத் திருப்பிய நேர்த்தி, பல்லாண்டு ஓட்டியவர்களுக்கும் எளிதில் வாய்க்காது. மகனின் முகத்தில் முதன்முதலாகச் சிறு வியப்பு தெரிந்தது. காயலில் ஒரு சுற்றுப் படகில் போய்வந்தோம். உப்புக்காற்று முகத்தில் அறைய, தொலைவில் கழிமுகத்து மணல்திட்டுக்கு அப்பால் கடல் வெள்ளிக் கோடாக மின்னியது. எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்தோம்.

பாலத்தைக் கடந்ததும் கோவளம். ஊருக்குள் போகும் சாலை இடப்பக்கம் பிரிகிறது. முனையில் ஆட்டோக்கள், தள்ளுவண்டிகள், ஒரு மின்கம்பம். அக்கா வேகத்தைக் குறைத்தார். தோள்கள் இறுகின. கார் நேரே போய்விட்டது.

"அக்கா, கோவளம் போயிடுத்து" என்றார் என் கணவர்.

"போகட்டும். வரும்போது பாத்துக்கலாம்."

முதலைப் பண்ணையும் இடப்பக்கம். அதுவும் போயிற்று. வெயில் ஏறிவிட்டால் முதலைகள் அசையாது, பார்த்து என்ன பயன் என்றார். வெயில் ஏறவே இல்லை. புலிக்குகையின் சவுக்குத் தோப்பு இடப்பக்கமாக நகர்ந்து மறைந்தபோது, மகன் மெல்லத் திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்தான். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வடக்கிலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு அந்தச் சாலை முழுவதும் கடல் இடக்கைப் பக்கம். காணத்தக்க இடங்கள் பெரும்பாலும் கடலின் பக்கம். வலம்வந்தே கார் ஓட்டப் பழகியவரை, இடப்பக்கமே எல்லாம் உள்ள பாதையில் சோதனைக்கு அழைத்து வந்திருக்கிறோம். வாசலைத் தாண்டிப்போய் இன்னொரு சுற்று வந்ததன் காரணமும் அந்தக் கணமே விளங்கியது.

மாமல்லபுரம் பிரியும் இடத்தில் சுற்றுலா வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. அதையும் கடந்து கார் நேரே சென்றது. பேசாதிருக்க இயலாத என் கணவர் மட்டும், "இப்படியே போனா ராமேஸ்வரம்தான். தீர்த்தத்துக்குப் பாத்திரம்கூட எடுத்துண்டு வரலையே" என்றார்.

சிறிது தொலைவில், சாலையோரத்து இளநீர்க் கடையின் முன்னே அக்கா காரை நிறுத்தினார். இறங்கினோம். கையில் இளநீரைப் பிடித்துக்கொண்டு, குடிக்காமல், காரின் இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு அந்தப் பக்கம் தெரியலடா" என்றார் மகனிடம். "எங்க முடியறதுன்னே தெரியல. ஒவ்வொரு தடவையும் இடிக்கப் போறதுன்னு தோண்றது."

மகன் நல்லவன். தாயின் தோளைத் தொட்டு, "சரிம்மா, விடு. இங்கேயே திரும்பிடலாம். போறச்சே எல்லா எடமும் ரைட்ல வரும். எல்லாத்தையும் பாத்துட்டு ஆத்துக்குப் போயிடலாம். நீ ஜெயிச்ச மாதிரிதான்" என்றான்.

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தார். "மாதிரி வேண்டாம்டா."

பிறகு அவர் செய்ததை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. இடப்பக்கத்து முன்கதவைத் திறந்து, மகன் உட்கார்ந்து வந்த இருக்கையில் தாம் ஏறி அமர்ந்தார். கண்ணாடியை இறக்கி, தலையைச் சற்றே வெளியே நீட்டி, சாலையோரத்து வெள்ளைக் கோட்டையும், அதையடுத்த மணலையும், முன்சக்கரத்தையும் மாறிமாறிப் பார்த்தார். அந்த இருக்கையில் அவர் உட்கார்ந்த விதத்தில் ஒரு பழக்கம் தெரிந்தது. நெடுநாள் கழித்துத் தம் இடத்துக்கு வந்தவரைப் போல இருந்தார்.

"இங்கேருந்துதானேடா நான் உங்கப்பாவுக்கு வழி சொல்லிண்டிருந்தேன்" என்றார்.

என் கணவர் இளநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஆமாம்! அக்கா சொல்லாம அத்திம்பேர் ஒரு லெஃப்ட் எடுத்ததே கிடையாதே. மாடவீதியில காய்கறிக் கடைக்கு நடுவுல, வாங்கோ வாங்கோன்னு இவதானே ஜன்னல் வழியா கத்துவா. இத்தனை வருஷமும் ரைட் ஓட்டினதுதான் அத்திம்பேர். லெஃப்ட் ஓட்டினது பூரா அக்காதான்!"

வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் அது முற்றிலும் உண்மை. எனக்கும் அந்தக் குரல் நினைவில் இருந்தது. கார் எந்தக் குறுகிய சந்தில் நுழைந்தாலும், இடப்பக்கச் சாளரத்திலிருந்து அக்காவின் குரல் முன்னே செல்லும். வண்டி அதன் பின்னே செல்லும். இடப்பக்கத்தை அவருக்கு எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆயுளில் பாதியை அவர் அங்கேதான் கழித்திருந்தார்.

அக்கா இறங்கி வந்து ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். முன்னிருக்கையில் ஏறப்போன மகனை, "நீ பின்னாடி போ" என்றார்.

"அப்புறம் நான் எப்படிம்மா பாக்கறது?"

"பின்னாடிலேருந்து பாரு. அந்த சீட்டுல நான் இருக்கேன்."

மூவரும் பின்னிருக்கையில் நெருக்கியடித்துக்கொண்டு அமர்ந்தோம். குறுக்கே கை நீட்டுவதென்றாலும் இனி அவனுக்குக் கை எட்டாது. அக்கா வடக்கே திரும்பவில்லை. இன்னும் தெற்கே ஓட்டினார். சதுரங்கப்பட்டினம் என்ற பெயர்ப்பலகை தெரிந்தது. அங்கே கடலோரத்தில் ஒல்லாந்தர் கட்டிய பழைய கோட்டை ஒன்று உண்டு என்று என் கணவர் சொல்லத் தொடங்கினார். நான் அவர் முழங்கையைப் பற்றினேன். ஊருக்குள் போகும் சாலை இடப்பக்கம் பிரிந்தது. இடப்பக்க விளக்கு, அன்றைக்கு முதன்முதலாக, தானே விழித்துக்கொண்டதைப் போலக் கண் சிமிட்டியது.

அப்போது அந்தக் குரல் எழுந்தது.

"வாங்கோ... வாங்கோ... கம்பம் இருக்கு, பாத்து... இன்னும் ஒரு சாண் வரலாம்... இப்ப ஒடிங்கோ. ஒடிங்கோ. போறும், நேராக்குங்கோ."

சொன்னவரும் அவரே, கேட்டு ஓட்டியவரும் அவரே. கார் நீரோட்டம்போல வளைந்து ஊர்ச்சாலையில் நேரானது. பின்னிருக்கையில் மூவரும் மூச்சை விட்டோம்.

உண்மையான சோதனை அதன்பிறகுதான் வந்தது. கோட்டைக்கு அருகே நாங்கள் நுழைந்த தெரு குறுகலானது. ஒரு பக்கம் வீட்டுப் படிகள், மறுபக்கம் மீன்பெட்டிகள் ஏற்றிய சிறு சரக்கு வண்டி, முனையில் குவித்துப் போட்ட வலை. அங்கிருந்து இன்னும் ஓர் இடத் திருப்பம். வலைக்கருகே நின்ற மீனவர் ஒருவர் கையை ஆட்டினார்.

"யம்மா, இந்த வண்டி உள்ள பூராது. அங்கியே போட்டுட்டு நடந்து வா."

அக்கா இடப்பக்கக் கண்ணாடியை முழுவதும் இறக்கினார். முதல் கியரில் வண்டி ஊர்ந்தது. "வாங்கோ... மெள்ள வாங்கோ..." என்று அவர் தொடங்கவும், தம்மைத்தான் அழைக்கிறார் என்று நினைத்து மீனவர் சாளரத்துக்கு அருகே வந்தேவிட்டார்.

"இன்னாம்மா, என்னியவா கூப்ட்ட?"

"உங்களை இல்லை. வண்டி ஓட்டறவாளைச் சொன்னேன்."

அவர் வண்டியை ஓட்டுபவர் யார் என்று உள்ளே குனிந்து பார்த்தார். பிறகு ஒன்றும் புரியாமல், இருந்தாலும் ஆர்வம் தாங்காமல், வலையின் ஓரத்தைக் காலால் ஒதுக்கிவிட்டு, வண்டியின் கூடவே நடந்து வந்தார். படிக்கட்டுக்கும் காருக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம்தான் இருந்திருக்கும். மகன் முன்னிருக்கையின் முதுகைப் பற்றியிருந்தான். அவன் வாய் திறந்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"பின்பக்கம் வரது... ஒடிச்சது போறும்... படி தாண்டட்டும்... தாண்டியாச்சு. நேராக்குங்கோ."

"பூந்துடுச்சுப்பா!" என்று அந்த மீனவர் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். சரக்கு வண்டியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துக் கைதட்டினார்கள்.

கோட்டையின் செங்கல் மதில்களுக்கு நடுவே புல் வளர்ந்திருந்தது. வாயிலில் பீரங்கிகள், உள்ளே, சித்திர வேலைப்பாடு செய்த கல்லறைக் கற்கள், பின்புறத்துச் சிதைந்த மதிலுக்கு அப்பால் கடல். பெருங்கூட்டம் அறியாத அந்த அமைதியான இடத்தை, எல்லா இடங்களும் கைநழுவிப் போனதால்தான் நாங்கள் கண்டோம். அக்கா மதிலில் சாய்ந்து, காற்றில் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் கடலைப் பார்த்தார். மகன் அருகே போய் நின்றான்.

"யாருக்கும்மா அவ்ளோ மரியாதை? வாங்கோ போங்கோன்னு?"

"வண்டி ஓட்டறவாளுக்குத்தாண்டா. நான்னா என்ன, மரியாதை கூடாதா?"

திரும்பும் பயணத்தை வெற்றி உலா என்றே சொல்ல வேண்டும். காலையில் கடந்துபோன இடங்கள் அனைத்தும் இப்போது வலக்கைப் பக்கம் வரிசையாக வந்தன. ஒன்றையும் அக்கா விடவில்லை. கடற்கரைக் கோயிலின் நிழலில் அமர்ந்து, கட்டி எடுத்துச் சென்ற புளியோதரையை உண்டோம். புலிக்குகையில் மகனை யாளிமுகங்களுக்கு நடுவே நிற்கவைத்துப் படமெடுத்தார். முதலைப் பண்ணையில், வெயிலிலும் ஒரு முதலை அசைந்தது. "நான் சொன்னதைக் கேக்காத முதலை" என்றார். கோவளத்தில், மாலை வெயில் மணலைப் பொன்னாக்கியிருந்த நேரத்தில், அறுபதைக் கடந்த அந்தப் பெண்மணி முழங்கால் நனைய அலையில் நின்றதை நான் பார்த்தேன். வழியில் தேவையே இல்லாத இரண்டொரு இடத் திருப்பங்களையும் எடுத்து, எங்கள் நெஞ்சைப் பதறவைத்தார். ஒன்றில் முட்டுச்சந்து. அவருக்குக் கவலையில்லை, திரும்பி வந்தார்.

விளக்கேற்றும் வேளையில் மயிலாப்பூர் வந்து சேர்ந்தோம். இம்முறை கோயிலைச் சுற்றவில்லை. கார் தெருவுக்குள் நுழைந்து, இடப்பக்கம் வாசலை நெருங்கியது. காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. மாமி தாண்டிப் போய் இன்னொரு சுற்று வந்தபிறகுதான் கதவைத் திறக்க வேண்டும் என்பது அவருக்குப் பழகிய முறை. அக்கா ஒலிப்பானை அழுத்தினார். அவர் திடுக்கிட்டு ஓடிவந்து பச்சைக் கதவைத் திறந்தார்.

"இன்னா மாமி, இன்னிக்கு ஒரு ரவுண்டு கம்மியா கீது?"

"எல்லாம் சுத்தி முடிச்சாச்சு" என்றார் அக்கா.

நான் வழிசொல்லட்டுமா என்று மகன் கேட்கவில்லை. "வாங்கோ... இன்னும் ஒரு சாண்..." என்ற குரல் மெல்ல ஒலிக்க, கீறல் பட்ட அதே கார்க்கதவு, கீறிய அதே வாசற்கம்பியைத் தீண்டாமல் கடந்து உள்ளே சென்றது. கார் நின்றதும் மகன் கைப்பேசியை எடுத்து, மறுநாள் வரவிருந்தவரிடம், வண்டி விற்பனைக்கு இல்லை, ஓட்டுகிறவர் வீட்டில் இருக்கிறார் என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் இருந்தது விட்டுக்கொடுத்தவனின் வருத்தம் அன்று. தன் தாயைப் பற்றிப் பிறரிடம் பெருமை பேசுகிற பிள்ளையின் பூரிப்பு.

அந்தக் கீறலை அக்கா இன்றுவரை சரிசெய்யவில்லை. திங்கட்கிழமைதோறும் காலையில் என்னை அழைத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் எங்கேனும் போகிறார். கோயிலை மட்டும் இப்போதும் வலமாகத்தான் சுற்றுகிறார். இடப்பக்கத்து இருக்கையில் நான் அமர்ந்திருந்தாலும் வழி சொல்லும் வேலை எனக்குக் கிடைப்பதில்லை. திருப்பம் நெருங்கும்போது அவருடைய "வாங்கோ, வாங்கோ" ஒலிக்கிறது, கடல் எங்கள் பக்கமாகத் திரும்பி வருகிறது, இத்தனை ஆண்டுகளும் பிறருக்காகவே நான் சொல்லிவந்த சொற்களில் எவற்றை இன்னும் எனக்காக ஒருமுறையும் சொல்லிப் பார்க்கவில்லை என்று ஒவ்வொரு திருப்பத்திலும் எண்ணிக்கொள்கிறேன்.